ரொட்டியைப் பிடிக்க நாலு பேர்

அந்த உலகத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது நான் உட்காருவதுதான். முதலில் கையைப் பின்னால் விட்டு நாற்காலி இருக்கிறதா என்று துழாவுவது, பிறகு இடது முழங்கால் வலிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்குவது, உட்கார்ந்த பிறகு பாவாடையை இழுத்து விட்டுக்கொள்வது, எல்லாம் என்னுடையது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உலகம் அது. எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு பொம்மை உருவத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் உலாவுகிறார்கள், கடை போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், காதலிக்கவும் செய்கிறார்கள். பொம்மை என்றால் விதாவுக்குக் கோபம் வரும். அவதார் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு அது பொம்மைதான்.

விதா எங்கள் அடுக்குமாடியில் எனக்கு எதிர்வீடு. முழுப்பெயர் விதோசாவா. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், அப்பா ராதிவோயோடு இருக்கிறாள். நான் இலோன்கா, செர்பியாவில் ஸ்ரெனியானின் என்ற ஊரின் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். என் வீட்டில் ஹங்கேரியன் பேசுவோம், அவள் வீட்டில் செர்பியன். நடுவில் இருக்கிற மாடிப்படியில் இரண்டையும் கலந்து வம்பு பேசுவோம்.

விதாவின் பிழைப்பு அந்தப் பொம்மைகளுக்கு அசைவு செய்து விற்பது. நடை, ஓட்டம், படியேறுவது, காபி குடிப்பது, சிகரெட்டைக் காலால் நசுக்குவது என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சரக்கு. முன்பு கம்பள ஆலையில் பூ வேலைப்பாடு வரைந்துகொண்டிருந்தாள். ஆலையில் ஆள் குறைத்தபோது இவளையும் அனுப்பிவிட்டார்கள். அந்த வருடமே அம்மா படுக்கையில் விழுந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை எது என்று தேடித்தேடி இதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா போன பிறகும் அந்த வேலை நிலைத்துவிட்டது.

நான் நினைத்தேன், பட்டனைத் தட்டினால் பொம்மை நடந்துவிடும் என்று. அப்படி இல்லை. கை இந்த நொடியில் இங்கே இருக்க வேண்டும், அந்த நொடியில் அங்கே என்று இவள் குறித்துக் கொடுப்பாள். நடுவில் உள்ளதை மெஷின் நிரப்பும். மெஷின் நிரப்பியது நிரப்பியபடி விட்டால் கை தண்ணீருக்குள் போவதுபோலப் போகும், அல்லது வெட்டி வெட்டி இழுக்கும். அதை நயமாக்குவதுதான் வேலை. ஒரு கிண்ணத்தை எடுக்கக் கை நீளும் முன்பே தோள் கிளம்பிவிடுகிறது, தோளுக்கு முன்னால் இடுப்பு, அதற்கும் முன்னால் கண். இதை எனக்குச் சொன்ன நாளிலிருந்து டிக்கெட் வாங்க வருகிறவர்களை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. எல்லாருக்கும் இடுப்பு முதலில் கிளம்புகிறது.

என்னை உட்கார வைத்துப் படம் பிடித்த நாளை மறக்கவே மாட்டேன்.

"அக்கா, இன்னொரு தடவை உட்காருங்க."

"காலையிலருந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்துன்னு இருக்கேன். பள்ளிக்கூடத்துலகூட எனக்கு இவ்வளவு தண்டனை குடுத்ததில்ல."

"உட்காரும்போது யோசிக்கிறீங்க. யோசிக்காம உட்காருங்க."

"யோசிக்காம உட்கார்ந்தா கீழ விழுவேன்டி. என் முட்டிக்கு நீ ஜவாப்தாரியா?"

அந்த முட்டி வலியைத்தான் அவள் விட்டுவிடவே இல்லை. வலி தெரிகிற அளவுக்கு வைத்து, அசிங்கமாகத் தெரியாத அளவுக்கு இழைத்து, அதை விற்றாள். பிரேசிலில் இருபது வயதுப் பையன்கள் என் முட்டியோடு உட்காருகிறார்களாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது உட்காருவது அல்ல, சும்மா நிற்பது. பொம்மைக்காரன் சாப்பிடவோ குளிக்கவோ எழுந்து போய்விட்டால் பொம்மை அங்கேயே நிற்கும். மற்றவர்கள் செய்த பொம்மைகள் மின்கம்பம் மாதிரி நிற்கும். விதா செய்தது மூச்சு விடும், எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றும், மூக்கைச் சொறியும், யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்யும். மூக்கு சொறிவது என்னிடமிருந்து எடுத்தது. கவுன்ட்டரில் கூட்டம் இல்லாதபோது நான் அப்படிச் செய்வேனாம். அந்த அசைவைப் போட்டுவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே வாங்கினார்கள்.

இனி ராதிவோய். ரயில்வேயில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொடிய மனிதர் இல்லை, பிடிவாதக்காரர். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் போரா, இளையவள் விதா. போரா கனடாவில் எட்மன்டனில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான். அங்கேயே ஹெதர் என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தை. ஊருக்கு வருவதும் வராததும் லீவைப் பொறுத்தது.

இவர்கள் வீட்டு ஸ்லாவா லூக்கா புனிதருக்கு, அக்டோபர் கடைசி நாள். ஸ்லாவா என்பது ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் உள்ள காவல் புனிதரின் விழா. கத்தோலிக்கச்சியான எனக்கு அது கிடையாது, ஆனால் பிறந்ததிலிருந்து அக்கம்பக்கத்து ஸ்லாவாக்களில் தின்றே வளர்ந்தவள். உயரமான மெழுகுவத்தி ஏற்றி, அக்ரூட் போட்டுப் பிசைந்த கோதுமையை வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கொடுத்து, மாவில் பூவும் புறாவும் செய்து ஒட்டிய ரொட்டியின்மேல் சிவப்பு ஒயினை ஊற்றி, வீட்டார் எல்லாரும் அதைக் கையில் பிடித்துச் சுற்றித் திருப்பி இரண்டாகப் பிளப்பார்கள். யாரையும் கூப்பிட மாட்டார்கள். தெரிந்தவன் தானாக வருவான், ஒரு முறை வந்தவன் வருடா வருடம் வருவான், வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. அன்று முழுக்க வீட்டுத் தலைவர் உட்காரவும் கூடாது. நின்றுகொண்டே விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும். ராதிவோய் இத்தனை வருடங்களில் அந்த ஒரு நாள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஸ்லாவா அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். பிளந்த ரொட்டியில் பாதியை அப்பா மகன் கையில் கொடுத்தால் அன்றிலிருந்து அது மகனுடையது. மகளுக்கு அது வராது, அவளுக்குக் கட்டிக்கொண்ட வீட்டு ஸ்லாவாதான். விதா எந்த வீட்டையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா போனதிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தது அவள், கோதுமை வேகவைத்தது அவள், ஜன்னல் திரை துவைத்தது அவள், கொத்துக்கறி பொதிகிற சர்மாவுக்கு முட்டைக்கோஸ் இலை சுருட்டியது அவள்.

நான் சொல்ல வந்த வருடம் வசந்தத்தில் ராதிவோய்க்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், இந்த லூக்கா நாளில் ஸ்லாவாவைப் போராவிடம் ஒப்படைத்துவிடப் போகிறேன் என்பது. விதா அன்று என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். காபி ஆறிப்போனது.

"எனக்கு வேணும்க்கா," என்றாள்.

"என்னது?"

"ஸ்லாவா. போராவுக்கு அது ஒரு லீவு நாள்கூட இல்ல. போன வருஷம் மறந்தே போயிட்டான், நான்தான் போன் பண்ணி ஞாபகப்படுத்தினேன்."

"அப்போ அப்பாகிட்ட கேளு."

"கேக்க முடியாது. நான் கேட்டா, அவர் செத்துருவாருன்னு கணக்குப் போட்டுக் கேக்கற மாதிரி இருக்கும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள்மீதா, அவள் அப்பாமீதா, அந்தப் பழக்கத்தின்மீதா என்று தெரியவில்லை. நான் போய்க் கேட்கிறேன் என்றேன். கேட்டால் இனிமேல் என்னோடு பேச மாட்டேன் என்றாள். பேசாமல் இருக்கக்கூடியவள்தான் அவள். சும்மா இருந்துவிட்டேன்.

போராவுக்கு லீவு கிடைக்கவில்லை. ராதிவோயால் விமானம் ஏற முடியாது. பாதி ரொட்டியைத் தபாலிலா அனுப்புவது? கோடை முழுக்க அந்த வீட்டில் இதே பேச்சு. ஒரு நாள் விதாவின் பின்னால் வந்து நின்று அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ராதிவோய் கேட்டார்:

"ஏம்மா, உன் பொம்மைங்க ரொட்டி திருப்புமா?"

"அவதார், அப்பா."

"ஏதோ ஒண்ணு. திருப்புமா?"

"திருப்ப வைக்கலாம்."

"அப்போ போராவை அங்க வரச்சொல்லு. நான் அங்க வர்றேன். அவன் கையில குடுத்துடறேன்."

விதா என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சரி அப்பா என்றுதான் சொன்னாள்.

அவள் வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இதுபோல அவள் மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை. ஒருவர் நடப்பது வேறு, நாலு பேர் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு திருப்புவது வேறு. போராவின் கை கொஞ்சம் முந்தும், குழந்தையின் கை கொஞ்சம் பிந்தும், கனடாவுக்கும் நமக்கும் நடுவில் உள்ள தூரத்தால் வரும் தாமதமும் சேரும். நாலு பேர் கையும் ரொட்டிக்குள் புகுந்து வெளியே வந்தது. ஒரு தடவை ரொட்டி மட்டும் தனியாகக் கூரைக்குப் போய்விட்டது, நாலு பேரும் கீழே வெறுங்காற்றைப் பயபக்தியோடு திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வாரக்கணக்கில் திண்டாடிய பிறகு ஒரு மத்தியானம் கதவைத் தட்டி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"தலைகீழாப் பிடிச்சுட்டேன்க்கா. கை ரொட்டியைத் திருப்பலை, ரொட்டிதான் கையைத் திருப்புது. ரொட்டிக்கு மட்டும் அசைவு செஞ்சேன். கைங்களை அதுல ஒட்டி விட்டுட்டேன். ரொட்டி எங்க போகுதோ கையும் அங்க போகும், தோளும் இடுப்பும் பின்னாலயே வரும்."

திரையில் நாலு பொம்மைகள் ரொட்டியைச் சுற்றி நின்று திருப்பின. நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அவ்வளவு அழகாக எந்தக் குடும்பமும் எதையும் சேர்ந்து செய்து நான் பார்த்ததில்லை.

"நாலு பேரா? யாரு யாரு?" என்று கேட்டேன்.

"அப்பா, போரா, ஹெதர், குழந்தை. அப்பா சொன்னது."

"நீ?"

"நான் மவுஸ் பிடிக்கணுமே. அப்பாவை நடக்க வைக்கணும், ரொட்டியைக் கிளப்பணும், அப்புறம் போரா குனிஞ்சு பாதி ரொட்டியை வாங்கிக்கற அசைவைத் தட்டி விடணும். அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. எல்லாப் பட்டனும் என் பக்கத்துலதான்."

ராதிவோயின் பொம்மைக்கு மீசை, தொப்பி, அவருடைய நடை எல்லாம் அப்படியே வந்திருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். தன் முதுகு இவ்வளவு கூன் இல்லை என்று சண்டை போட்டார். நிமிர்த்தினாள். மறுநாள் பார்த்துவிட்டு, இது யாரோ போலீஸ்காரன், பழையபடி ஆக்கு என்றார்.

கடைசியில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்த உலகத்தில் வீட்டுக் கதவைப் பூட்டி, பட்டியலில் பேர் உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று வைக்க முடியும். வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ராதிவோய் அவளை முறைத்தார். "ஸ்லாவா அன்னிக்கு வீட்டைப் பூட்டறதா? நான் உயிரோட இருக்கும்போதா?"

"யார் வேணா உள்ள வருவாங்க அப்பா."

"வரட்டும். வந்தா கோதுமை குடு."

அக்டோபர் கடைசி நாள் மற்ற நாட்டுக்காரர்களுக்குப் பேய் வேஷம் போடுகிற நாள் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. விதாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், வருடா வருடம் பூசணித் தலைகளுக்கு நடை செய்து விற்கிறவள் அவள்தான். ஆனால் அவளுக்கும் அந்த நாள் என்றால் லூக்காதான்.

அன்று காலையில் பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். ரொட்டி வெட்டுவதை மட்டும் ராதிவோய் மத்தியானத்துக்கென்று நிறுத்தி வைத்தார். நான் போனபோது வீடு நிறைய ஆள். மேஜைமேல் மெழுகுவத்தி, கோதுமை, ரொட்டி, ஒயின். மேஜைக்கு எதிரே டிவி, அதில் விதா கம்ப்யூட்டரை இணைத்திருந்தாள். டிவிக்குள்ளும் அதே மேஜை, அதே மெழுகுவத்தி, அதே ரொட்டி. ராதிவோய் கோட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்தார். டிவிக்குள் அவர் பொம்மையும் நின்றுகொண்டிருந்தது.

முதலில் உள்ளே வந்தது போரா குடும்பம் அல்ல, ஒரு எலும்புக்கூடு.

"இது யாரு?" என்றார் ராதிவோய்.

"தெரியல அப்பா. விருந்தாளி."

"ரொம்ப இளைச்சுப் போயிருக்கான். குடு, கோதுமை குடு."

விதா கோதுமைத் தட்டை நீட்ட வைத்தாள். எலும்புக்கூடு ஒரு கணம் யோசித்துவிட்டு ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டது. அந்தக் கோதுமை செத்துப்போன மூதாதையர்களை நினைத்துச் செய்வது. இது நம்ம ஆளுங்களில் ஒருத்தராக இருக்கும் என்றேன். ராதிவோய்க்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பூசணித் தலைகள், கறுப்பு அங்கி போட்ட ஒரு ரத்தக்காட்டேரி, கோட்டுப் போட்ட ஒரு நாய் என்று வரிசையாக வந்தார்கள். தெருவில் ஒரு வீடு மட்டும் கதவு திறந்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தால் வராமல் என்ன செய்வார்கள்? ராதிவோய் ஒவ்வொருவருக்கும் டிவியைப் பார்த்து வாங்க வாங்க என்று சொன்னார். ஏதோ மாமா ஒருவர் பிசாசுகளுக்குக் கோதுமை கொடுப்பது நன்றாக இல்லை என்று முனகினார். "கூப்பிடாம வந்தவங்க. உன்னை மட்டும் நான் கூப்பிட்டேனா?" என்றார் ராதிவோய்.

பிறகு போரா வந்தான். பக்கத்தில் ஹெதர், முயல் காது வைத்த குழந்தை. அங்கே இன்னும் விடியவில்லை என்றான். பனி கொட்டுகிறது என்றான். குரல் தூக்கத்தில் இருந்து வருவதுபோல இருந்தது. அப்பா எப்படி இருக்கீங்க என்று கேட்டான், நல்லா இருக்கேன் என்றார். அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான், ஏனென்றால் ஒரு பூசணித் தலை கிட்டார் வாசிக்க ஆரம்பித்துவிட்டது, அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கிட்டார் முடிந்ததும் ராதிவோய் தொண்டையைச் செருமினார். எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் மேஜையில் இருந்த நிஜ ரொட்டியின் அடிப்பக்கம் சிலுவையாகக் கீறி ஒயின் ஊற்றினார். விதா பட்டனைத் தட்டினாள். டிவிக்குள் நாலு பேரும் ரொட்டியைப் பிடித்துத் திருப்பினார்கள். இங்கே ராதிவோய் தனியாக இரண்டு கையாலும் தன் ரொட்டியைத் திருப்பினார். பழைய பாட்டைப் பாடினோம், எனக்கு வார்த்தை தெரியாத இடத்தில் முணுமுணுத்தேன். பூசணித் தலைகள்கூட அசையாமல் நின்றன. என் பக்கத்தில் இருந்தவள் அழுதாள். அப்படி ஒரு நயம் அந்த அசைவில்.

டிவிக்குள் ரொட்டி இரண்டாகப் பிளந்தது. ராதிவோய் தன் ரொட்டியை இன்னும் பிளக்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"போரா, என் அப்பா எனக்குக் குடுத்தார். அவருக்கு அவர் அப்பா. இப்போ நான் உனக்குக் குடுக்கறேன். வாங்கிக்கறியா?"

போராவின் பொம்மை மூச்சு விட்டது. எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றியது. அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றது.

எல்லாரும் காத்திருந்தோம். பையனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ராதிவோயின் கண் நிறைந்திருந்தது. அப்போது பொம்மை மூக்கைச் சொறிந்தது. யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தது. புன்னகை செய்தது.

அது என் மூக்கு. அடுத்து மறுபடி மூச்சு, மறுபடி கால் மாற்றம் வரும். வந்தது.

விதாவைப் பார்த்தேன். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் விரல் மவுஸ்மேல் இருந்தது. போரா குனிந்து ரொட்டியை வாங்கிக்கொள்ளும் அந்தப் பட்டன் அவள் பக்கத்தில்தான். தட்டினால் பொம்மை குனியும், அப்பாவுக்கு மனம் நிறையும், விழா முடியும், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. தட்டாமல் உண்மையைச் சொன்னால், தனக்கு வேண்டும் என்பதற்காக அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் பேசும். அந்த அறையில் இது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தட்டாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா, போரா அங்க இல்ல."

"என்னடி சொல்றே? இதோ நிக்கிறான். என்னைப் பார்த்துச் சிரிக்கறான்."

"அது நான் செஞ்சது, அப்பா. சும்மா நிக்கற அசைவு. எழுந்து போயிட்டா அதுவே வந்துடும்."

"மூக்கைச் சொறிஞ்சானே."

"அது இலோன்காக்கா மூக்கு."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். டிவிக்குள்ளிருந்து ஹெதரின் குரல் வந்தது. அவளுக்கு நம் பாஷை அரைகுறை. "அப்பா, மன்னிச்சுக்கோ. போரா வெளிய. பனி நெறைய. வண்டிக்குக் கூப்பிட்டாங்க. திரும்பி வருவான் சொன்னான். நான் சொல்றதுக்குள்ள பாட்டு."

ராதிவோய் வெகுநேரம் டிவியைப் பார்த்தார். பொம்மை இன்னொரு முறை கால் மாற்றியது.

"அப்போ ரொட்டியைத் திருப்பினது யாரு?"

"ரொட்டிதான் அப்பா. நான் அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

"போராவோட கை?"

"நான்."

"என் கை?"

"அதுவும் நான்தான்."

அவர் தன் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தார். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லாமல் ஒயின் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அதை விட்டுட்டு வா. இதைப் பிடி."

"கை கழுவிட்டு வரேன் அப்பா."

"விடியக்காலையில இதைப் பிசைஞ்ச கைதானே. வா."

அவள் வந்து மறுபக்கம் பிடித்தாள். அவர் ஒரு பக்கம் திருப்ப, இவள் எதிர்ப்பக்கம் திருப்பினாள். ரொட்டி நடுவில் முறுக்கிக்கொண்டு ஒரு மாவுப் புறா உதிர்ந்தது. ஒயின் இவள் சட்டையிலும் மேஜை விரிப்பிலும் கொட்டியது.

"இந்தப் பக்கம்மா. ரெண்டு என்ஜின் ஒரு பெட்டியை இழுக்கற மாதிரி இழுக்காதே."

"எந்தப் பக்கம்னு தெரியல அப்பா, நான் எப்பவும் அடுப்பங்கரையில இருந்தேன்."

அவர் அவள் கைமேல் தன் கையை வைத்து மெதுவாகத் திருப்பினார். குலுங்கிக் குலுங்கி, நின்று நின்று எப்படியோ மூன்று சுற்று வந்தது. உலகத்துக்கே நயமான அசைவு விற்கிறவள் தன் வீட்டு ரொட்டியை அந்த லட்சணத்தில்தான் திருப்பினாள். பிளந்தபோது நேராகவும் பிளக்கவில்லை. அவர் தன் கையில் வந்ததைப் பார்த்தார், அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அது உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். "வாங்கிக்கறியா?"

"வாங்கிக்கறேன், அப்பா."

"பொண்ணுக்கா?" என்றார் அந்த மாமா.

"ஏன், உனக்கு வேணுமா?" என்றார் ராதிவோய்.

டிவிக்குள் எலும்புக்கூடு கை தட்டியது. பூசணித் தலைகளும் தட்டின. அவர்களுக்கு எங்கள் பேச்சு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போராவின் குரல் வந்தது, மூச்சு வாங்க வாங்க. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறான்.

"அப்பா, வந்துட்டேன். முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சுது."

"பாதி ரொட்டி யார்கிட்ட?"

"இங்க இருந்தவகிட்ட."

அவன் பொம்மை அசையாமல் நின்றது, இந்த முறை உள்ளே ஆள் இருந்தான். பிறகு, "நல்லதுதான்," என்றான். குரல் உடைந்து வந்தது. வருத்தமும் இருந்தது, ஒரு சுமை இறங்கியதும் இருந்தது என்று எனக்குப் பட்டது. "விதா, அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடுவியா?"

"கூப்பிட மாட்டேன்," என்றாள் விதா. "நீயா வந்துடணும்."

ராதிவோய் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தார். பின்னால் கையை விட்டுத் துழாவி, அதில் உட்கார்ந்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். பேச்சு சட்டென்று நின்று மறுபடி தொடங்கியது.

விதா காலையிலிருந்து நிற்கிறாள். சட்டையெல்லாம் ஒயின், கையில் சர்மாப் பாத்திரம், ஒவ்வொருவராகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்தபோது பக்கத்து நாற்காலியை அவளுக்காக நகர்த்தினேன்.

"கொஞ்சம் உட்காரேன்டி. கால் வீங்கியிருக்கு பாரு."

அவள் என் தட்டில் இரண்டு சர்மாவை வைத்தாள்.

"எப்படிக்கா உட்காருவேன்," என்றாள். "ஸ்லாவா என்னோடது."